கணினி எதற்காகக் காத்து நிற்கிறது: ரேமுக்கா, டிஸ்க்குக்கா?

மந்தமாகிப்போன லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும்: ‘ரேம் ஏத்திடலாம்’, இல்லாவிட்டால் ‘எஸ்எஸ்டி போட்டுடலாம்’. ரேம் என்பது வேலை நடக்கும்போது தரவை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம். எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டுக்குப் பதில் ஃபிளாஷ் நினைவகச் சிப்புகளில் தரவைச் சேமிக்கும் டிஸ்க். இரண்டுமே நல்ல மருந்துகள். ஆனால் வேறு வேறு நோய்க்கானவை. ரேம் போதாமல் திணறும் கணினியில் எஸ்எஸ்டி போட்டால் நோய் பாதி மறைந்துகொள்ளும். டிஸ்க்கால் திணறும் கணினியில் ரேமை மட்டும் கூட்டினால் காலையில் ஆன் செய்து காத்திருக்கும் நேரம் அப்படியேதான் இருக்கும்.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். கணினிக்குள் சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்து, ரேம் 4 ஜிபியாவது இருந்தால், முதல் செலவு எஸ்எஸ்டிக்கு. எஸ்எஸ்டி ஏற்கெனவே இருந்து, பத்துப் பதினைந்து டேப் திறந்ததும் திணறினால், அடுத்த செலவு ரேமுக்கு. ரேம் 2 ஜிபிதான், டிஸ்க்கும் பழையது என்றால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் மனநிறைவு வராது. பென்டிரைவைச் செருகி வேகத்தைக் கூட்டலாம் என்ற பழைய யோசனை இன்று எந்தக் கணினிக்கும் தேவைப்படாது. ஏன் இப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆயிரம் மடங்கும் ஒன்றரை லட்சம் மடங்கும்

செயலி தனக்கு வேண்டிய தரவை ரேமிலிருந்து எடுக்க ஏறத்தாழ 100 நானோ விநாடி ஆகும். ஹார்டு டிஸ்க் மாட்டும் அதே இணைப்பில் பொருந்தும் சாட்டா எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க ஏறத்தாழ 100 மைக்ரோ விநாடி, அதாவது ஆயிரம் மடங்கு. லேப்டாப் ஹார்டு டிஸ்க்கிலிருந்து என்றால் 15 மில்லி விநாடி, ஒன்றரை லட்சம் மடங்கு. நம் கைக்கடிகாரக் கணக்குக்கு இதை இழுத்துப் பாருங்கள். ரேம் ஒரு விநாடியில் கொடுத்துவிடும் பொருளை எஸ்எஸ்டி 17 நிமிடத்தில் கொண்டுவரும். ஹார்டு டிஸ்க் கொண்டுவர 42 மணி நேரம் ஆகும்.

அந்த 15 மில்லி விநாடி தட்டு சுழல்வதாலும் கை நகர்வதாலும் வருவது. 5,400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5,400 சுற்று) டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 11 மில்லி விநாடி எடுக்கிறது. வேண்டிய இடம், தரவை வாசிக்கும் ஹெட்டுக்குக் கீழே வரும்வரை சராசரியாக அரைச் சுற்று, 5.6 மில்லி விநாடி, பொறுத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஹெட்டைத் தாங்கிய கை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்குச் சுமார் 10 மில்லி விநாடி. ஆக, ஒரு நொடியில் 65 இடங்களுக்கு மேல் போய்வர முடியாது. போகிற ஒவ்வொரு இடத்திலும் 4 கேபி மட்டும் எடுத்தால் நொடிக்குக் கிடைப்பது 260 கேபி. ஒரே பெரிய வீடியோவை நகலெடுக்கும்போது நொடிக்கு 100 எம்பி காட்டுகிற அதே டிஸ்க்தான் இது. சாட்டா எஸ்எஸ்டி இப்படிச் சிதறிக் கிடக்கும் 4 கேபி துண்டுகளை ஒவ்வொன்றாக வாசிக்கும்போதும் நொடிக்கு 30 எம்பிக்குக் குறையாமல் தருவது வழக்கம். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

விண்டோஸ் துவங்குவது, குரோம் திறப்பது, ஆன்டிவைரஸ் தேடுவது எல்லாமே இந்தச் சிதறல் வாசிப்புதான்: டிஸ்க்கின் மூலைமுடுக்கெல்லாம் பரவிய ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள். எஸ்எஸ்டி போட்டதும் கணினிக்குப் புது உயிர் வந்ததுபோல் தெரிவதன் காரணம் இதுவே. பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் ‘நொடிக்கு 550 எம்பி’ அல்ல.

ரேம் இங்கே ஏன் உதவாது? மின்சாரம் நின்றதும் அதில் இருந்ததெல்லாம் போய்விடும். ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்ட் 1966இல் கண்டு, 1968இல் காப்புரிமை பெற்ற டிராம் செல், அதாவது ரேம் சிப்பில் ஒரு பிட்டைத் தாங்கும் அறை, என்பது ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மிகச்சிறு மின்தேக்கியும்தான். அந்த மின்தேக்கி கசிந்துகொண்டே இருக்கும். பொதுவாக 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் எழுதியது அழிந்துவிடும். ஃபிளாஷ் அப்படியல்ல. தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய அந்த நினைவகம், எலக்ட்ரான்களை மின்காப்பு சூழ்ந்த ஒரு கூண்டில் அடைத்துவைக்கிறது. மின்சாரம் போனாலும் அவை தங்கியிருக்கும். எனவே காலையில் கணினியை ஆன் செய்யும் நேரத்தில் 4 ஜிபி ரேமும் 32 ஜிபி ரேமும் ஒன்றுதான்: இரண்டும் காலி. எல்லாம் டிஸ்க்கிலிருந்துதான் வந்தாக வேண்டும். எந்த மென்பொருளையும் முதல்முறை திறக்கும்போதும் இதே நிலைமை. இரண்டாம் முறை திறக்கும்போதுதான் கூடுதல் ரேமின் பலன் தெரியும். முன்பு வாசித்த கோப்புகளை விண்டோஸ் காலி ரேமில் நகலாக வைத்திருக்கும்.

ரேம் தீர்ந்தால் நடப்பது

திறந்திருக்கும் மென்பொருள்கள் கேட்கும் இடம், இருக்கும் ரேமைத் தாண்டிவிட்டால் இயங்குதளம் வேலையை நிறுத்துவதில்லை. கொஞ்ச நேரமாகத் தொடாத பக்கங்களை, ஒரு பக்கம் 4 கேபி என்ற கணக்கில், டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலுக்கு இறக்கிவிட்டு இடம் பண்ணுகிறது. விண்டோஸ் 10 முதல் அதற்கு முன்னால் ரேமுக்குள்ளேயே அவற்றைச் சுருக்கியும் பார்க்கிறது. இறக்கிய பக்கம் மறுபடி தேவைப்பட்டால் வேறொன்றை இறக்கிவிட்டு இதை ஏற்ற வேண்டும். ஏற்றுவதும் இறக்குவதுமே முழுநேர வேலையாகி, உண்மையான வேலை ஏறக்குறைய நின்றுபோகும் நிலையை 1968இல் பீட்டர் டென்னிங் ஆராய்ந்து எழுதினார். திராஷிங் என்ற பெயர் இன்றுவரை நிற்கிறது.

ஒரு கணக்குப் போடலாம். பிரவுசரைச் சுருக்கிவைத்துவிட்டு எக்செலில் அரை மணி நேரம் வேலை பார்க்கிறீர்கள். அதற்குள் பிரவுசரின் 400 எம்பி டிஸ்க்குக்கு இறங்கிவிட்டது. திரும்பப் பிரவுசரைச் சொடுக்கினால் ஏற்ற வேண்டியவை சுமார் ஒரு லட்சம் பக்கங்கள். ஒவ்வொன்றாக ஏற்றினால் ஹார்டு டிஸ்க்கில் 25 நிமிடம். எஸ்எஸ்டியில் 10 விநாடி. விண்டோஸ் அடுத்தடுத்த பக்கங்களைக் கூட்டாக வாசிக்கும், உடனே தேவையில்லாததை விட்டும்வைக்கும். அதனால் நடைமுறையில் இவ்வளவு ஆகாது. ஆனால் விகிதம் மாறாது. அந்த 400 எம்பி இறங்காமல் ரேமிலேயே இருந்திருந்தால் காத்திருப்பு என்பதே கிடையாது.

ரேம் பற்றாக்குறையை எஸ்எஸ்டி ‘பாதி மறைக்கும்’ என்று தொடக்கத்தில் சொன்னதன் பொருள் இதுதான். உறைந்து நின்ற கணினி விட்டுவிட்டு ஓடும்; சீராக ஓடாது. மறுபக்கம், தேவைக்கு மேல் போடும் ரேமால் அவ்வளவாகப் பயனில்லை. உங்கள் வேலைக்கு 5 ஜிபிதான் ஆகிறதென்றால் 8 ஜிபியை 16 ஆக்கியதும் கணினி இரண்டு மடங்கு வேகமாகிவிடாது. எஸ்எஸ்டி உள்ள கணினியில் வித்தியாசமே தெரியாமல் போகலாம். ரேமைக் ‘காலி செய்து’ வேகம் கூட்டுவதாகச் சொல்லும் மென்பொருள்கள் தீங்குதான் செய்கின்றன. விண்டோஸ் உங்களுக்காக நகல் வைத்திருந்த கோப்புகளைத் தூக்கியெறிந்துவிட்டு அதே கோப்புகளை மறுபடி டிஸ்க்கிலிருந்து வாசிக்க வைக்கின்றன.

உங்கள் கணினியையே கேளுங்கள்

ஆன் செய்த கையோடு பார்த்தால் ஒன்றும் தெரியாது. வழக்கமான வேலையெல்லாம் திறந்துவைத்து, கணினி திணறும் அந்த நேரத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள்.

டிஸ்க் என்பதைச் சொடுக்கினால் ஆக்டிவ் டைம் என்று ஒரு சதவீதம், ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் என்று ஒரு எண் இருக்கும். ஆக்டிவ் டைம் 100 சதவீதத்தில் நிற்க, வாசிப்பு வேகமோ நொடிக்கு 1 எம்பி, 2 எம்பி என்று தள்ளாடினால் அது சிதறல் வாசிப்பில் மாட்டிக்கொண்ட ஹார்டு டிஸ்க். எஸ்எஸ்டியில் ரெஸ்பான்ஸ் டைம் பெரும்பாலும் ஓரிரு மில்லி விநாடிக்குள் இருக்கும்; பழைய டிஸ்க்கில் நூறு, இருநூறு என்று ஏறுவதைப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கில் ஏறி, வாசிப்பு பூஜ்ஜியத்தில் நின்றால் பிரச்சினை வேகமல்ல, டிஸ்க் சாகிறது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ‘கரன்ட் பெண்டிங் செக்டார் கவுண்ட்’ என்ற வரியில் பூஜ்ஜியம் தவிர வேறு எண் இருந்தால், முக்கியமான கோப்புகளை வெளியே எடுத்துவிட்டுத்தான் மற்ற யோசனையெல்லாம்.

மெமரி பகுதியில் பலரும் பார்ப்பது சதவீதத்தை. அதைவிட முக்கியமானது கமிட்டெட் என்ற வரி. அங்கே 9.8/11.5 ஜிபி என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் மென்பொருள்கள் கேட்டு வாங்கியிருக்கும் மொத்த இடம். கணினியில் உள்ள ரேமைவிட அது வெகுவாக அதிகமென்றால் ரேம் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். உறுதி செய்ய ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, மெமரி பகுதியில் நொடிக்கு எத்தனை ஹார்டு ஃபால்ட் (ரேமில் இல்லாமல் டிஸ்க்கிலிருந்து ஏற்ற வேண்டிவந்த தருணம்) என்ற வரைபடத்தைப் பாருங்கள். புதிதாக ஒரு மென்பொருளைத் திறக்கும்போது அது துள்ளி அடங்குவது இயல்பு. ஒரு டேபிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் நூற்றுக்கணக்கில் ஏறி அங்கேயே நின்றால் ரேம் வாங்கும் நேரம் வந்துவிட்டது.

இரண்டுமே அமைதியாக இருந்து சிபியூ (செயலி) மட்டும் 100 சதவீதத்தில் நின்றால் ரேமும் வேண்டாம், எஸ்எஸ்டியும் வேண்டாம். மின்விசிறியில் அடைந்த தூசி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், சூட்டில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் செயலி, அல்லது வேலைக்குப் பற்றாத செயலி. அது வேறு வைத்தியம்.

ஃபிளாஷ் எல்லாம் ஒரே ஃபிளாஷ் அல்ல

2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா வந்தபோது ரெடிபூஸ்ட் என்ற வசதியும் சேர்ந்து வந்தது. பென்டிரைவைச் செருகினால் டிஸ்க்கில் உள்ளவற்றின் நகலை அதில் சேமித்துவைத்து அங்கிருந்து வாசிக்கும். 512 எம்பி ரேமும் மந்தமான டிஸ்க்கும் இருந்த காலத்தில் அது நியாயமான யோசனை. பென்டிரைவில் குறைந்தது 256 எம்பி இடம் வேண்டும். 4 கேபி சிதறல் வாசிப்பில் நொடிக்கு 2.5 எம்பியாவது தர வேண்டும். இந்தத் தேர்வில் தோற்ற பென்டிரைவை விண்டோஸ் ஏற்காது. பெரிய கோப்புகளைத் தொடர்ச்சியாக வாசிக்க ரெடிபூஸ்ட் பென்டிரைவைத் தொடுவதே இல்லை, யூஎஸ்பி 2.0 வழியே நொடிக்கு 30 எம்பி சொச்சம்தான் வரும், அதற்கு ஹார்டு டிஸ்க்கே மேல். சிறு துண்டுகளில் மட்டும்தான் லாபம். அதுவும் ரேம் 2 ஜிபியைத் தாண்டியதும் உணர முடியாத அளவுக்குச் சுருங்கிப்போனது. கணினியில் எஸ்எஸ்டி இருந்தால் விண்டோஸ் 7 ரெடிபூஸ்ட்டைத் தானே அணைத்துவிட்டது.

பென்டிரைவுக்கும் எஸ்எஸ்டிக்கும் உள்ளே இருப்பது நான்ட் என்ற ஒரே வகை ஃபிளாஷ்தான். வித்தியாசம் அதை ஆளும் கன்ட்ரோலரில். ஃபிளாஷில் பக்கம் பக்கமாக எழுதலாம். ஆனால் அழிப்பதென்றால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு பிளாக்கை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். 4 கேபியை மாற்ற, பக்கத்தில் இருக்கும் நல்ல தரவையெல்லாம் வேறிடத்துக்கு நகர்த்த வேண்டிவரும். எஸ்எஸ்டி கன்ட்ரோலர் பல சிப்புகளில் ஒரே நேரத்தில் வேலை செய்து இதை மறைத்துவிடுகிறது. பென்டிரைவின் எளிய கன்ட்ரோலர் சிறு சிறு எழுதல்கள் வந்ததும் திக்குமுக்காடிவிடும். மலிவு லேப்டாப்களில் மதர்போர்டிலேயே பற்றவைத்து வரும் 32 ஜிபி, 64 ஜிபி இஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப்பும் எஸ்எஸ்டி அல்ல. விண்டோஸ் அப்டேட் ஓடும்போது அவை மண்டியிடுவதன் காரணம் இதே எழுதல் பலவீனம்.

கைபேசிகளில் ‘8+8 ஜிபி ரேம்’ என்று விளம்பரம் செய்கிறார்களே, அதில் இரண்டாவது எட்டு ரேமே அல்ல. சேமிப்பு ஃபிளாஷில் ஒதுக்கிய பேஜ் ஃபைல் மாதிரிதான். பின்னணியில் இருக்கும் ஆப்கள் சட்டென மூடப்படாமல் இருக்க அது உதவலாம், வேகம் கூடாது. வாங்கும்போது முதல் எண்ணை மட்டும் பாருங்கள்.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

ரேமில் தவறு நடப்பது பெரும்பாலும் வகையில். லேப்டாப் டிடிஆர்3 கட்டையில் 204 பின், டிடிஆர்4இல் 260, டிடிஆர்5இல் 262. வெட்டும் வேறு இடத்தில் இருக்கும், ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது நுழையாது. ஏமாற்றுவது டிடிஆர்3க்கும் டிடிஆர்3எல்லுக்கும் இடையிலான வேறுபாடு: வடிவம் ஒன்றேதான், மின்னழுத்தம் 1.5 வோல்ட், 1.35 வோல்ட். நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப்கள் பலவும் எல் வகையைத்தான் ஏற்கும். மற்றதைச் செருகினால் திரை இருட்டாகவே இருக்கும். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் இருக்கிறது, எத்தனை நிறைந்திருக்கிறது என்று போட்டிருக்கும். ஆனால் பற்றவைத்த ரேமையும் அது ஸ்லாட்டாக எண்ணலாம். அதனால் பின்மூடியைத் திறந்து கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள். 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் போடுவது வீண்; இயங்குதளத்தை 64 பிட்டுக்கு மாற்றிய பிறகே பலன்.

ஒரே 8 ஜிபி கட்டை இருக்கும் கணினியில் அதே அளவில் இன்னொன்று சேர்த்தால், செயலிக்கும் ரேமுக்கும் இடையிலான பாதைகளான இரண்டு சேனல்களும் சேர்ந்து வேலை செய்யும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினி ரேமையே காட்சிக்கும் பயன்படுத்துவதால், விளையாட்டுகளிலும் வீடியோ எடிட்டிங்கிலும் அங்கே வித்தியாசம் நன்றாகத் தெரியும். வேகம் வேறுபட்ட இரண்டைக் கலந்தால் இரண்டும் குறைந்த வேகத்தில்தான் ஓடும். மாட்டும்போது சார்ஜரைக் கழற்றி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டு, கட்டையைச் சாய்வாகத் தங்க முனைகள் மறையும்வரை செருகி, பிறகு கீழே அழுத்தினால் இரு பக்கக் கிளிப்பும் ‘டக்’ என்று பிடிக்கும். புதிய ரேம் போட்டதும் முதல்முறை திரை வர ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம், குறிப்பாக டிடிஆர்5இல். பதறிப்போய் அணைத்துவிடக் கூடாது.

எஸ்எஸ்டியில், பழைய லேப்டாப்புக்கு 2.5 அங்குல, 7 மில்லிமீட்டர் தடிமன் சாட்டா வகை நேராகப் பொருந்தும். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய, சுழலும் டிஸ்க்குடன் வந்த லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றுக்கு ஏற்ற வைத்தியம் இதுதான். மதர்போர்டில் இருப்பது பழைய சாட்டா 2 என்று தயங்க வேண்டாம். உச்ச வேகம் நொடிக்கு 270 எம்பி அளவில் நின்றுவிடும், ஆனால் நமக்கு வேண்டிய சிதறல் வாசிப்பு அதைத் தொடுவதே இல்லை. இதே காரணத்தால்தான், சாட்டாவைவிட வேகமான இணைப்பில் ஓடி நொடிக்கு 3,500 எம்பி என்று சொல்லும் என்விஎம்இ எஸ்எஸ்டிக்கும் சாட்டா எஸ்எஸ்டிக்கும் அன்றாட வேலையில் ஆறு மடங்கு வித்தியாசம் தெரிவதில்லை. சிறு அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட் இருந்தால் அது சாட்டாவை ஏற்குமா, என்விஎம்இயை ஏற்குமா, இரண்டையுமா என்று மாடல் விவரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லாட்டின் வெட்டு மட்டும் அதைச் சொல்லாது.

பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்க குளோன்ஜில்லா என்ற இலவச மென்பொருள் போதும், ஆனால் மூல டிஸ்க்கின் பார்ட்டிஷன்கள் (சி, டி என்ற பிரிவுகள்) புதியதில் அடங்கும்படி முன்பே சுருக்கிக்கொள்ள வேண்டும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இருந்தால் முதலில் அணையுங்கள், அதன் ரெக்கவரி கீயையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நகல் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் முதல்முறை ஆன் செய்ய வேண்டும். இரண்டும் இணைந்திருந்தால் விண்டோஸ் பழையதிலிருந்தே துவங்கிவிடலாம். வேகம் கூடவில்லையே என்று திகைக்கிறவர்களில் சிலருக்கு நடந்திருப்பது இதுதான். பல வருடக் குப்பை சேர்ந்த கணினி என்றால் நகலெடுக்காமல் புதிதாக நிறுவுவது மேல்.

எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று பேஜ் ஃபைலை அணைக்கவோ பழைய டிஸ்க்குக்கு நகர்த்தவோ வேண்டாம். விண்டோஸ் 7 வந்த சமயத்தில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அளவீட்டில் பேஜ் ஃபைலில் ஒரு எழுதலுக்குச் சுமார் 40 வாசிப்பு என்று இருந்தது. பெரும்பாலானவை சிறு வாசிப்புகள். எஸ்எஸ்டி சிறப்பாகச் செய்வதும் அதையேதான். 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு 80 டிபி (80,000 ஜிபி) எழுதல் உத்தரவாதம் என்று வைத்தால், நாள்தோறும் 20 ஜிபி எழுதினாலும் பத்து ஆண்டுக்கு மேல் ஓடும். 15 சதவீத இடத்தையாவது காலியாக விடுங்கள். நிரம்பி வழியும் எஸ்எஸ்டியில், குறிப்பாக ஒரே செல்லில் நான்கு பிட் அடைக்கும் மலிவான க்யூஎல்சி வகையில், பெரிய கோப்புகளை எழுதும் வேகம் ஹார்டு டிஸ்க் அளவுக்கே இறங்கிவிடும்.

கழற்றிய ஹார்டு டிஸ்க்கை உடனே ஃபார்மட் செய்யாமல் ஒரு மாதம் அப்படியே வைத்திருங்கள். நகலில் விட்டுப்போனது எது என்று அதற்குள் தெரிந்துவிடும். பிறகு, பெண்டிங் செக்டார் எண் பூஜ்ஜியமாக இருந்தால், ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். ஹார்டு டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் முனகும், மெதுவாகும், செக்டார்களை இழக்கும். எஸ்எஸ்டி நேற்றுவரை ஓடிவிட்டு இன்று காலை பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புத் திரையில்) பெயரே காட்டாமல் போகலாம். மின்சாரமே படாமல் ஆண்டுக்கணக்கில் பெட்டியில் கிடந்தால் ஃபிளாஷில் அடைத்த எலக்ட்ரான்களும் மெல்லக் கசியும். அலமாரியில் தூங்கும் நகலுக்கு, கழற்றிய அந்த டிஸ்க்தான் பொருத்தம்.